கேட்டபின் ஒலிக்கும் மணி

நேரம் அறிய விரும்பும் தமிழர் "மணி எத்தனை?" என்றே வினவுகிறார். கோபுரத்தில் தொங்கும் வெண்கலத்திற்கும், நாளில் இருபத்து நான்கில் ஒரு பங்கிற்கும் நம் மொழி ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறது. மேலை நாட்டு மொழிகளிலும் இவ்வுறவைக் காணலாம். 'கிளாக்' என்னும் ஆங்கிலச் சொல், மணியைக் குறித்த 'குளோக்கா' என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில், 1386ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கடிகாரம் ஒன்று உள்ளது. அதற்கு முகப்புத் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை; மணியடிப்பது ஒன்றே அதன் பணி. கைக்கடிகாரம் எல்லாருக்கும் வாய்ப்பதற்கு முன்னர், பொதுமக்கள் நேரத்தைக் காதால் கேட்டே அறிந்தனர்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. நேரம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாய் உறங்குகிறது. ஊர் மணிக்கூண்டுகள் பலவற்றில் முள் நின்றுவிட்டது; சிலவற்றில் முள் ஓடினாலும் மணி ஊமையாகிவிட்டது. ஆயினும், "பழைய மணியைப் பழுது பார்த்து மீண்டும் ஒலிக்கச் செய்வோம்" என்ற பேச்சு எங்கேனும் எழுந்தால், ஊர் உடனே இரண்டாகிவிடுகிறது. ஒரு சாராருக்கு அது மீண்டு வரும் உறவினர். மறு சாராருக்கு உறக்கத்தைக் கெடுக்க வரும் விருந்தினர். இவ்விரு சாராரும் அடுத்தடுத்த வீட்டினர் என்பதுதான் இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. இக்கேள்விக்கு நம் மண்ணின் வரலாறு ஏதேனும் விடை தருமா என்று பார்ப்போம்.

நாயக்கர் வழியில் மணிகள்

ராஜபாளையத்திற்குத் தெற்கே உள்ள நம் தளவாய்புரம், பெயரிலேயே நாயக்கர் காலத்துச் சொல் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் படைத்தலைமையும் அமைச்சுப் பொறுப்பும் ஒருங்கே கொண்டவர் 'தளவாய்' எனப்பட்டார். அந்த நாயக்கர் காலத்தைச் சார்ந்த மணிக்கதை ஒன்று நம் வட்டாரம் முழுதும் வழங்கி வருகிறது.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்மீது பெரும் பற்றுக் கொண்டவர். அங்கே உச்சிக்காலப் பூசை முடிந்தது என்று அறிந்த பிறகே அவர் மதுரையில் நண்பகல் உணவு கொள்வாராம். அச்செய்தியை அன்றன்றே மதுரைக்குக் கொண்டு சேர்க்க, வழிநெடுகச் சிறு மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி தொங்கவிட்டு, காவலரை அமர்த்தினார் என்பது செவிவழிச் செய்தி. இவ்வழியில் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் கல்மண்டபங்களை மக்கள் இன்றும் மணி மண்டபங்கள் என்றே சுட்டுகின்றனர். இதையொத்த கதை, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனைப் பற்றியும் உண்டு. திருச்செந்தூரில் பூசை முடிந்த செய்தி, மணிக்கு மணி தாவிப் பாஞ்சாலங்குறிச்சியை எட்டியதாம்.

இக்கதை நடைமுறைக்கு ஒத்ததுதானா என்று சிறிது கணக்கிட்டுப் பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே ஒலியின் பயணத்திற்கு மட்டும் மூன்றரை நிமிடத்திற்குச் சற்று மேலாகும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று கொண்டு, ஒவ்வொரு காவலரும் கேட்டு அடிக்க ஐந்து நொடி எடுத்தார் எனக் கொண்டால், மேலும் மூன்று நிமிடம். குதிரை வீரன் பல மணி நேரம் விரைந்து சேர்க்க வேண்டிய செய்தி, ஏழு நிமிடத்திற்குள் அரண்மனையை எட்டியிருக்கும். வெறும் வெண்கலமும் மனிதச் செவியும் கொண்டு செய்யத்தக்க ஏற்பாடுதான் இது.

இவ்வேற்பாட்டில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்று உண்டு. அம்மண்டபங்களில் அமர்ந்திருந்த காவலரின் முதற்கடமை மணியடிப்பதன்று, கேட்பது. முந்தைய மண்டபத்து ஒலியைச் செவிமடுத்த பின்னரே அவர் தம் மணிக்கயிற்றைத் தொடலாம். கேளாமல் அடித்தால் அது பொய்ச்செய்தி. கேட்டும் அடியாதிருந்தால் செய்தி அங்கேயே மடிந்துபோகும். மணியைப் புதுப்பிக்க முனைவோர் எல்லாரும் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

யாருக்காக ஒலிக்கும் மணி?

அம்மணிகள் மன்னரின் உணவுக்காக ஒலித்தன. வழியோரக் கழனியில் குனிந்து நின்ற உழவரும் அவ்வொலியைக் கேட்டிருப்பார். அவர் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்று எந்த மணியும் வினவவில்லை. மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1878இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் மணிக்கோபுரத்தைப் பற்றி வேறொரு கதை வழங்குகிறது. அதற்குப் பொருளுதவி செய்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் தாயார் ராஜாபாய் பார்வையிழந்தவர். சமண நெறிப்படி கதிரவன் மறையுமுன் உணவு கொள்ள வேண்டியவர். எவர் துணையுமின்றி மாலைப் பொழுதை அவர் அறிந்துகொள்ளக் கோபுர மணி உதவியதாம். 280 அடி உயர்ந்த அக்கோபுரம் 2015இல் சீரமைக்கப்பட்டது. மன்னர் உணவுக்கு ஒரு மணி, பார்வையற்ற தாயின் உணவுக்கு ஒரு மணி! இரண்டிற்கும் ஒலி ஒன்றே. மணியின் மாண்பு, அது யாரை நினைத்து ஒலிக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

தமிழர் நினைவில் அழியாது நிற்பது இன்னொரு மணி. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது, பெரியபுராணம் விரித்துரைக்கிறது. இலங்கையின் மகாவம்சம் இதையொத்த கதையை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. கன்றை இழந்த பசு மணியை அசைக்கிறது. மன்னன் எழுந்து வருகிறான். ஏனைய மணிகள் எல்லாம் மேலிருப்போர் கீழிருப்போருக்கு நேரம் சொல்பவை. இம்மணியின் கயிறோ அரண்மனைக்கு வெளியே, வாயற்ற பசுவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது. இங்கே ஒலிப்பது குடி, கேட்பது கோ. பொதுமணி என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது.

ஊர் சேர்ந்து கட்டியவை

பொதுமணி எவ்வாறு எழலாம் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே நல்ல சான்று உள்ளது. அக்காலத் திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் 1893 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்ட மணிமேடையை அறியாத தென்னாட்டார் இல்லை. கட்டுமானச் செலவு 3,258 ரூபாய்ச் சொச்சம். மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் அளித்தது 1,017 ரூபாய். எஞ்சியதைப் பொதுமக்கள் ஈந்தனர். கடிகாரமோ இலண்டன் மிஷன் போதகர் டதி வழியாக வந்தது. இந்து மன்னர், சீர்திருத்தச் சபைப் போதகர், பல சமயத்துப் பொதுமக்கள் ஆகிய எல்லாரும் அம்மணிமேடையில் பங்காளிகள். ஆகவே அதன் ஒலியை "அவர்கள் மணி" என்று சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லாமற் போயிற்று.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் ஒரு மணிக்கூண்டு உண்டு. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக, ஸ்மிதர் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி எழுந்தது அது. பிற்காலப் போரில் அது சிதைந்தது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பல்லாயிரவர் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறினர். மணி சொல்ல ஒரு கூண்டும் இல்லை, கேட்க ஓர் அயலாரும் இல்லை என்ற நிலை அது. போர்நிறுத்தம் ஏற்பட்ட 2002ஐ ஒட்டி அக்கூண்டு புதுப்பிக்கப்பட்டபோது, நேரம் அறியும் வசதிக்காக எவரும் மகிழ்ந்திருக்க மாட்டார். ஊர் ஊராக மீண்டது என்பதற்கு அது சாட்சியாயிற்று. பழைய மணியை மீட்க விரும்புவோரின் ஏக்கத்தைப் பழைமை மோகம் என்று தள்ளிவிடலாகாது; அதனுள் இத்தகைய மீட்சியின் நினைவும் கலந்திருக்கிறது.

அயலார் குரல்கள்

இனி அயலார் சொல்வதைக் கேட்போம். நம் பகுதியில் இப்பேச்சு எழும்போதெல்லாம் நாம் செவியுற்ற குரல்கள் சில உள்ளன. "சாமி, கடியாரத்தப் பாக்கக் கண்ணு தெரியல. மணிச் சத்தம் கேட்டாத்தான் மாத்திரை போட நெனப்பு வருது" என்பது ஒரு மூதாட்டியின் குரல். தனித்து வாழும் முதியோருக்கு மணியொலி என்பது ஒருவர் வந்து நலம் விசாரித்துப் போவது போன்றது.

மற்றொரு குரல், ஆலைத் தொழிலாளியுடையது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட நாள்முதல் நம் வட்டாரம் பஞ்சாலைகளின் வட்டாரம். ஒரு காலத்தில் ஆலைச் சங்கே சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பர். மறுசங்கிற்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவர். அச்சங்கொலியை இனிதாய் நினைவுகூர்வோர் உண்டு. ஆனால் இரவு முறை முடித்து விடியலில் வீடு திரும்புவோருக்குப் பகலே இரவு. "ராத்திரி மணிய நிறுத்திட்டோம்னு சொல்றீங்க சாமி, எனக்குப் பகல்லதானே தூக்கம்?" என்று அவர் கேட்கையில், இரவு பகல் என்னும் நம் எளிய பாகுபாடே ஆட்டங்காண்கிறது. தளவாய்புரத்தில் இரவு உடைகள் தைக்கும் தொழில் பெருகியிருக்கிறது. தையற்பொறி ஓயும் நேரத்தில்தான் அவ்வீடுகளில் உறக்கம் தொடங்கும்.

கைக்குழந்தையைத் தூங்கவைத்த தாய், தேர்வுக்குப் படிக்கும் மாணவர், நோயுற்ற கணவரைக் காக்கும் மனைவி ஆகியோர் குரல்களும் உண்டு. மெல்லிய குரல் ஒன்றும் இருக்கிறது. அது பெரும்பாலும் நம் முன் வாய் திறப்பதில்லை. ஆலயத்தை அடுத்து வாழும் பிற சமயத்தார் குரல் அது. "வேண்டாம்" என்றால் பகை என்று கொள்வார்களோ என அஞ்சி, "உங்க விருப்பம் சாமி" என்று முடித்துக்கொள்வர். "உங்கள் விருப்பம்" என்பது இசைவன்று. அதை இசைவென்று எடுத்துக்கொள்வது கேளாத செவியின் குற்றம்.

கணக்கு ஒன்றை இங்கே பார்ப்பது நலம். கால்மணிக்கொரு முறை இசைக்கும் கடிகாரங்களில் பெயர்பெற்றது வெஸ்ட்மின்ஸ்டர் முறை. இது 1793இல் கேம்பிரிட்ஜின் தூய மரியா பெரிய ஆலயத்தில் தோன்றி, இலண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தின் வழியே உலகெங்கும் பரவியது. சென்னை ரிப்பன் மாளிகையில் 1913இல் அமைந்த கடிகாரமும் இம்முறையினதே. இதில் காலுக்கு 4, அரைக்கு 8, முக்காலுக்கு 12, மணிக்கு 16 என ஒரு மணி நேரத்தில் 40 அடிகள்; இவற்றோடு அந்தந்த மணியின் எண்ணிக்கையும் சேரும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிக்கு முன்வரை கூட்டினால் 368 அடிகள் ஆகின்றன. கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது இன்னிசை. கோபுர நிழலில் பாய் விரித்தவருக்கு 368 அடிகள்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்தன. இரவென்பது பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கத்திற்கும் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்தோ ஒலிபெருக்கி வழியாகவோ செபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். நம்மவர் இதைக் கசப்போடு நினைவுகூரத் தேவையில்லை. அயலாரை அன்பு செய்யக் கற்றவர்க்கு இது புதிய போதனையன்று. மணிதோறும் பதிவு செய்த மணியோசையையும் வசனத்தையும் ஒலிபெருக்கியில் அனுப்பும் மின்னணுக் கருவிகள் இன்று ஆலயங்களிலும் கோவில்களிலும் பெருகிவிட்ட நிலையில், இத்தீர்ப்பை நாம் மறத்தலாகாது.

மேலை நாடுகளில் மணிகள் நீதிமன்றம் ஏறியதுண்டு. சுவிட்சர்லாந்தில் சூரிக் ஏரிக்கரையிலுள்ள வேடன்ஸ்வில் என்னும் ஊரில், ஆலயக் கடிகாரம் இரவிலும் கால்மணிக்கொரு முறை அடிப்பதை அயலில் வாழ்ந்த தம்பதியர் எதிர்த்தனர். மாநில நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கூட்டாட்சி நீதிமன்றமோ 2017 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றி, மரபுக்கும் ஊராரின் விருப்பத்துக்கும் எடை கொடுத்தது. பிரான்சில், அதிகாலையில் கூவிய 'மொரீஸ்' என்னும் சேவல்மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2019இல் சேவலுக்குச் சாதகமாய் முடிந்தது. 2021 ஜனவரியில் அந்நாடு நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்று ஒரு சட்டமே இயற்றியது. ஆலய மணியோசையும் அவ்வொலிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

இத்தீர்ப்புகளில் யார் வென்றார் என்று எண்ணி மகிழ்வதில் பயனில்லை. வழக்கு முடிந்த பின்னும் அத்தம்பதியரின் கட்டில் அங்கேயே கிடக்கிறது. மணியும் அங்கேயே தொங்குகிறது. சட்டம் உரிமைக்கு எல்லை வகுக்கும். உறவுக்கு எல்லை வகுக்க அதனால் இயலாது. அயலாரின் முகம் பார்த்து முடிக்க வேண்டியதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடும் ஊர், மணியைப் பெற்று அயலாரை இழக்கிறது.

வெடித்த மணியின் பாடம்

இலண்டனின் 'பிக் பென்' மணியை அறியாதார் இல்லை. 13 டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்ட அது 1858இல் வார்க்கப்பட்டது. 1859இல் ஒலிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே அதில் விரிசல் விழுந்தது. சில ஆண்டுகள் அது ஊமையாய் நின்றது. பின்னர் அதை உருக்கி மீண்டும் வார்க்கவில்லை. மணியைச் சற்றே திருப்பி, விரிசல் இல்லாத இடத்தில் அடி விழும்படி செய்து, இலகுவான சுத்தியலைப் பொருத்தினர். அந்த விரிசலோடுதான் இன்றுவரை அது ஒலிக்கிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று கோபுரச் சீரமைப்புக்காக அது மௌனமாக்கப்பட்டபோது, அரசியல் தலைவர்கள் சிலரே முறையிட்டனர். உச்சியில் வேலை செய்வோரின் செவிகளைக் காப்பதற்காகவே இந்த மௌனம் என்று விளக்கம் தரப்பட்டது. 2022 நவம்பரில் அது முறைப்படி மீண்டும் ஒலித்தது. நாட்டின் பெருமையாகிய மணி, கூலிக்கு உழைப்போரின் காதுக்காக ஐந்தாண்டுகள் பெரும்பாலும் வாய்மூடி இருந்ததே, அதனால் அதன் பெருமை குன்றவில்லை.

மணி ஓய்வதை இழுக்கென்று கருதுவோர் நம் வழிபாட்டையே நினைத்துப் பார்க்கலாம். பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்தோடு ஆலயமணி ஓய்ந்துவிடுகிறது. பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதத்தோடு மீண்டும் எழுகிறது. இடைப்பட்ட மௌனம் மணியின் தோல்வியன்று. மணியை நாம் ஆவலோடு எதிர்நோக்கச் செய்வதே அம்மௌனந்தான். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை ஒலிக்கும் மூவேளை மணியும் அளவறிந்தே ஒலிக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் அடித்தால்தான் மணி உயிரோடிருக்கிறது என்பது கடிகாரத்தின் வாதம்; திருச்சபையின் வாதமன்று.

ஆகவே, பழைய மணியைப் புதுப்பிக்க எண்ணும் ஊர்கள் முதலில் தச்சரையும் கொல்லரையும் தேடிப் போக வேண்டா. கோபுர நிழல் விழும் வீடுகளின் படியேறுங்கள். சமயமும் சாதியும் பாராது கேளுங்கள். "உங்க விருப்பம்" என்று ஒதுங்குவோரிடம் மறுமுறையும் கேளுங்கள். கால்மணி இசையை விடுத்து மணிக்கொரு முறை மட்டும் அடிக்கலாமா, சுத்தியலுக்குத் தோல் சுற்றி ஓசையை மென்மையாக்கலாமா, இரவில் சுத்தியலைத் தூக்கி நிறுத்தும் அமைப்பைப் பொருத்தலாமா, இரவு முறைத் தொழிலாளர் உறங்கும் முற்பகலில் ஓய்வு தரலாமா என்று அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். ஒரு திங்கள் ஒலிக்கவிட்டு மீண்டும் போய்க் கேளுங்கள். தீயோ வெள்ளமோ வந்தால் எவரும் இழுக்கத்தக்க கயிறு ஒன்று கீழே தொங்கட்டும். அது குழந்தையின் கைக்கும் எட்டட்டும்.

இவ்வாறு ஒலிக்கும் மணி நாளொன்றுக்குப் பத்து முறையே அடித்தாலும் போதும். தளவாய்புரத்து மூதாட்டி அதைக் கேட்டு மாத்திரையை எடுப்பார். இரவு முறை முடித்து வந்த அயல்வீட்டார் அதன் ஓய்வில் கண்ணயர்வார். இருவரும் அதை "நம்ம மணி" என்பர். மதுரைச் சாலையின் மண்டபங்களில் பெயரறியாக் காவலர்கள் செய்ததும் இதுவே: கேட்டார்கள், கேட்டபின் அடித்தார்கள். நம் ஊர் மணிகளும் அவ்வாறே ஒலிப்பனவாக.